முழுப் பேர் சொல்லுங்க சார்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் மரியாதை அல்ல. எழுதினால் முழுதாக எழுத வேண்டும். அவர் பெயர், அத்தா பெயர், அத்தாவுடைய அத்தா பெயர், முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகள், அந்த எழுத்துகளுக்கு விளக்கம். பாதியாக எழுதினால் அவருக்கு ஆகாது. அதனால் அவர் தெருவான பேகம்பூர் கூப்பிட்ட மாதிரியே பாய் என்று எழுதுகிறேன். அந்தத் தெருவில் பாய் என்று குரல் கொடுத்தால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பாய் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், தரம் பிரிப்பவர். ஷாப் அவர் குடும்பத்துடையதுதான். ஆனால் முதலாளி நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோல் அடுக்கடுக்காக வந்து நிற்கும். ஒவ்வொன்றாக மேசையில் விரிப்பார். வெளிச்சத்தில் ஒரு பார்வை, கட்டைவிரலால் ஒரு தடவு. முதல் தரம், இரண்டு, மூன்று என்று ஐந்து வரை போகும். அதற்கும் கீழே கழிவு. முள் கீறிய தடமோ, உண்ணி கடித்த புள்ளியோ, கத்தி பட்ட இடமோ அந்தக் கட்டைவிரலை ஏமாற்றியதில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் கட்டைவிரலை ஷாப்பிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் ஊருக்கு நல்லது. அவர் அதை எல்லா இடத்துக்கும் எடுத்துப் போனார்.

பழக்கடையில் நின்று கேட்பார். "என்ன பழம்மா இது?"

"சிறுமலைப் பழம் பாய்."

"சிறுமலைன்னா? முழுப் பேர் சொல்லு. மலை ரோட்டுல எத்தனாவது வளைவுக்கு மேல வெளஞ்சது?"

"ஏன் பாய், பழத்துக்குப் பட்டா வாங்கியாரவா?" என்பாள் அந்தக் கடைக்காரம்மா. அவளிடம் மட்டும்தான் அவர் தோற்பார். தோற்றுவிட்டு ஒரு சீப்பு வாங்குவார்.

எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. போக்குவரத்துத் துறையில் முப்பத்து நான்கு வருடம். தவறுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வாங்கியதில்லை, ஒரு கோப்பைத் தொலைத்ததில்லை. எந்த வேலைக்கு எந்தப் படிவம், அதனுடன் எத்தனை நகல், எந்த நகலில் யார் சான்றொப்பம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்; வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்த வந்த பாய் என்னைக் கட்டித் தழுவினார். தழுவிய கை பொன்னாடையின் ஓரத்தைத் தடவியது.

"மூணாந்தரம் சார்," என்றார் என் காதில். போர்த்தியவர் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

இந்த மனிதரிடம் ஒரு கார் இருந்தது.

இளவயதில் எட்டு வருடம் சிங்கப்பூரில் ஒரு தோல்பைக் கடையில் இருந்தார். அங்கிருந்து திரும்பியவர்கள் டேப் ரிக்கார்டரும் தைலமும் கொண்டு வந்தபோது இவர் கப்பலில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு சீன டாக்டர் ஓட்டிய ஜப்பானியக் கார். சிவப்பு. இரண்டே கதவு, நீளமான மூக்கு. முன்விளக்குகள் உள்ளே மூடிக் கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் கண் விழிப்பதுபோல் எழும்பி வரும். வயதான பிறகு வலது கண் உடனே விழித்தது. இடது கண் கொஞ்சம் யோசித்துவிட்டு விழித்தது. தயாரித்த கம்பெனியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் விளம்பரத்துக்கு என்னை நம்பியிருக்கவில்லை. ஆனால் பின்பக்கத்தில் நம்பர் பலகைக்கு மேலே வெள்ளி எழுத்தில் இருந்ததை எழுதியே ஆக வேண்டும். ஜி.டி. லிமிடெட்.

இந்த வகைக் கார்கள் ஒரே உடம்பில் பல தரமாக வரும். அடி மாடலுக்கு எஸ்.எல். என்று பெயர். மேல் மாடல் ஜி.டி. லிமிடெட். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒரு கடிகாரம், இருக்கைத் துணி, பின்கண்ணாடிக்கு ஒரு வைப்பர் என்று வித்தியாசம் போகும். அந்தஸ்து எல்லாம் பெயரின் வாலில் இருக்கிறது. தோலைத் தரம் பிரிக்கிறவர் கையில், பெயரிலேயே தரம் எழுதிய கார் கிடைத்தால் என்ன ஆகும்? அது வந்த பிறகு மனிதர்களுக்கும் அந்தப் பெயர்களையே வைக்க ஆரம்பித்தார்.

"நம்ம ஆஸ்பத்திரி டாக்டரா? ஜி.டி. லிமிடெட் சார். கைய வச்சா தெரியும். அந்த கவுன்சிலரு? ஸ்டிக்கர் ஜி.டி."

ஸ்டிக்கர் ஜி.டி. என்றால் உள்ளே அடி மாடல், பின்பக்கத்தில் மட்டும் மேல் மாடலின் எழுத்து. அவர் அகராதியில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. கழிவுத் தோலைக்கூட மன்னிப்பார். அது தன்னைக் கழிவு என்றுதானே சொல்கிறது என்பார்.

"அப்ப நான் என்ன பாய்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "நீங்க எஸ்.எல். சார். ஏசி கெடையாது, கடிகாரம் கெடையாது. ஆனா ஒவ்வொரு பார்ட்டும் கம்பெனி பார்ட்டு."

முப்பத்து நான்கு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் எழுதிய எந்த ரகசிய அறிக்கையிலும் இவ்வளவு நல்ல வாசகம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாப்பின் வாசல் கொட்டகையில் காரைச் சுற்றி மூன்று பேர் கூடுவோம். பாய், நான், வேடசந்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பிட்டர். நூல் மில்லில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர். ஒரு பையில் இணையத்திலிருந்து எடுத்த தாள்களை அடுக்கி வைத்திருப்பார். அந்தக் காரின் உலகம் முழுவதுமான மாடல் பட்டியல் அதில் இருந்தது. அவர் கட்சி இது: பாயின் கார் ஜி.டி. லிமிடெட் அல்ல, எஸ்.எல்.

"ஜி.டி. லிமிடெட்டுன்னா பின்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கணும்ல பாய்? இங்க ரப்பர் மூடிதான இருக்கு?"

"சிங்கப்பூர்ல மழை மேலேருந்து பெய்யும்பா. பின்னாடியிலேருந்து பெய்யாது."

"சரி, கடிகாரம் எங்க?"

"டாக்டரு கையில வாட்ச் கட்டியிருந்தாரு. வண்டிக்கு எதுக்கு?"

"சீட்டுத் துணில கோடு இருக்கணும்."

"இருந்துச்சு. உக்காந்து உக்காந்து அழிஞ்சு போச்சு."

"கோடு மட்டும் அழிஞ்சுச்சாக்கும், துணி அப்படியே இருக்கு! ஏன் பாய், ஆட்டுத்தோல்ல இப்படி ஒருத்தன் சொன்னா விடுவீகளா?"

இந்த இடத்தில் பாய் சட்டைப்பையிலிருந்து பதிவுச் சான்றை எடுப்பார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு நைந்த பழைய புத்தகம். மாடல் என்ற இடத்தில் விரலை வைப்பார். "படி. கவர்மெண்டு எழுதிருக்கு. ஜி.டி. லிமிடெட். கவர்மெண்டு சும்மா எழுதுமா? சார், நீங்க சொல்லுங்க."

நான் டீயை ஆற்றுவேன். பிட்டர் பேச்சை மாற்றுவார். இப்படியே ஒன்பது வருட ஞாயிறுகள்.

நான் டீயை ஆற்றியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கவர்மெண்டு நான்தான்.

அப்போது நான் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்த புதிது. பதிவு மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். சுங்கத் தாள்களோடு ஒரு வாலிபர் வந்தார், நல்ல சட்டை, நல்ல வாசனை. தாள்களில் கம்பெனி பெயர், எண்கள் எல்லாம் இருந்தன. மாடலுக்கு வெறும் பெயர் மட்டும், வால் இல்லை. அதை எழுதினேன்.

"முழுப் பேர் எழுதுங்க சார்," என்றார்.

"இதுதான இருக்கு?"

"பின்னாடி ஜி.டி. லிமிடெட்டுன்னு இருக்கு சார். பேரப் பாதில விட்டா எப்படி?"

வெளியே போய் வண்டித் தகட்டைப் பார்த்து ஒப்பிட்டு எழுதுவதுதான் முறை. வெயில். பார்த்து எழுதி வைக்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன், போகவில்லை. அவர் சொன்னதை எழுதினேன். மாடல் கட்டம் சிறியது. லிமிடெட் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிட்டது. அது நிறத்துக்கான கட்டம். சிவப்பு என்பதை மேல்மூலையில் எறும்பு மாதிரி எழுத வேண்டியிருந்தது. ஆகவே, அரசாங்கம் சொல்வதால் அது ஜி.டி. லிமிடெட் என்று பாய் நம்பினார். பாய் சொன்னதால் அது ஜி.டி. லிமிடெட் என்று அரசாங்கம் எழுதியிருந்தது. மாடு தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்த இந்த ஏற்பாடு எனக்கு மட்டும் தெரியும்.

பழைய வண்டிகளின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. வண்டியின் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சையும் உடன் வைக்க வேண்டும். மெல்லிய தாளை எண் மேல் ஒட்டி மெதுவாகப் பென்சிலை ஓட்டினால், புடைத்த எழுத்துகள் தாளில் வரும். இளம் வயதில் நான் அதில் கெட்டிக்காரன். போன முறைகள் எல்லாம் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில் பொறித்த எண்ணைத்தான் எடுத்தோம். இந்த முறை மூடியைத் திறந்தால் துரு. இரண்டு எண்கள் தின்னப்பட்டிருந்தன.

"பரவால்ல," என்றேன். "பக்கத்துல கம்பெனித் தகடு இருக்குல்ல. அதுலயும் அந்த நம்பர் இருக்கும். அதை எடுத்துக்கலாம், ஒத்துக்குவாங்க."

தகடு இருந்தது. என்றோ வண்டிக்கு வண்ணம் அடித்தவர் அதன் மேலும் கறுப்பை இழுத்துவிட்டுப் போயிருந்தார். அதைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று பிட்டர் ஒன்பது வருடமாகக் கெஞ்சியவர். "கம்பெனித் தகட்டுல கைய வைக்காத" என்று பாய் ஒன்பது வருடமாக மறுத்தவர். சுரண்டத் தேவையில்லை என்பதை நான் சொல்லியிருக்கலாம். கேட்காத தகவலைத் தருவது அலுவலகப் பழக்கத்தில் கிடையாது.

எந்த வரியில் எண் இருக்கிறது என்று தெரியாததால் தகடு முழுவதற்கும் தாளை ஒட்டினேன். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து தேய்த்தேன். கம்பெனி பெயர் வந்தது. அடுத்து ஒரு வரி வர ஆரம்பித்தது, எழுத்தும் எண்ணும் கலந்து.

"மாடல் கோடு!" என்றார் பிட்டர். பையிலிருந்து தாளை உருவினார். "கடைசி எழுத்துதான் சார் தரம். க்யூன்னு இருந்தா ஜி.டி. லிமிடெட். ஆர்னு இருந்தா எஸ்.எல்."

"தேயுங்க சார்," என்றார் பாய். குரலில் ஒரு கவலையும் இல்லை.

கடைசி எழுத்தின் மேல்வளைவு வந்தது. க்யூவுக்கும் வளைவு உண்டு, ஆருக்கும் உண்டு. மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பென்சிலை இறக்கினேன். இடது பக்கம் நேராக ஒரு கால் வந்தது. பிறகு வலது பக்கம் சாய்வாக ஒரு கால். ஆர்.

ஒன்பது வருடம் காத்திருந்த பிட்டர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "டீ ஆறுது பாய்," என்றார்.

பாய் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் கடைசி எழுத்தைத் தடவினார். கரி ஒட்டிக்கொண்டது.

"ஸ்டிக்கர்," என்றார். பிறகு, "அந்த சீன டாக்டரே ஸ்டிக்கராத்தான் இருந்திருப்பாரு. ஆனா சார், கவர்மெண்டு எழுதிருக்கே? நீங்கதான எழுதுனீங்க? சாரு பாக்காம எழுத மாட்டாருன்னுதான நான் இம்புட்டு வருசமா..."

பிட்டர் என்னைப் பார்த்தார். "சாரா எழுதுனது?"

"பாக்காமத்தான் எழுதுனேன் பாய்," என்றேன். "வெயிலா இருந்துச்சு."

இவ்வளவு மோசமான விளக்கத்தை எனக்குக் கீழே வேலை செய்த யாராவது கொடுத்திருந்தால் குறிப்பாணை கொடுத்திருப்பேன். பாய் காரின் மூடியை இறக்கினார். மெதுவாக, இரண்டு கையாலும் அழுத்தி.

அடுத்த ஞாயிறு போனபோது பின்பக்கத்தில் எழுத்துகள் இல்லை. ஒட்டியிருந்த பசையை அடியில் நூல் விட்டு அறுத்து, எழுத்துகளைப் பெயர்த்து எடுத்திருந்தார். ஆனால் வெயிலில் வெளுத்த சிவப்பின் நடுவே, எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர் சிவப்பாக நின்றது. ஜி.டி. லிமிடெட், முன்பைவிடத் தெளிவாக.

"திருத்த விண்ணப்பம் எழுதுங்க சார்," என்றார் பாய்.

"எதுக்கு பாய்? இன்ஸ்பெக்டர் நம்பரைத்தான் பார்ப்பார். மாடல் கட்டத்தை யாரும் பார்க்கிறதில்ல. நாமளாப் போய்ச் சொன்னா, கிடைக்கிற புதுப்பித்தலும் நின்னு போகும். வண்டி ரோட்டுல ஏற முடியாது."

"நிக்கட்டும். கீறல் விழுந்த தோலை முதல் தரக் கட்டுல வச்சு அனுப்புனா, அடுத்த கட்டை எவன் சார் நம்புவான்? ஊரெல்லாம் ஸ்டிக்கரு ஸ்டிக்கருன்னு சொல்லிருக்கேன்."

எழுதினேன். "மேற்படி வாகனத்தின் மாடல், முதல் பதிவின்போது பிழையாகப் பதிவாகியுள்ளது" என்று, காலங்காலமாக எல்லாக் கோப்புகளிலும் ஓடும் நடையில்.

பாய் படித்தார். "யாரு பிழைன்னு இல்லையே சார்?"

"அப்படித்தான் எழுதறது."

"முழுசா எழுதுங்க."

கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பணியில் இருந்தபோது வாகனத் தகட்டை ஒப்பிடாமல் நான் பதிந்த பிழை என்று எழுதி, என் பெயர், அன்றைய பதவி, இன்றைய முகவரி எல்லாம் சேர்த்துக் கையெழுத்திட்டேன். கறைபடாத முப்பத்து நான்கு வருடம் அந்தத் தாளில் கறைபட்டது. பாய் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பெனி பார்ட்டு சார்," என்றார்.

இதில் தாங்க முடியாமல் போனவர் பிட்டர்தான். வெற்றி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் புதிய தாள்களோடு வந்தார்.

"பாய், நான் நல்லாப் பாத்துட்டேன். அந்தக் கடைசி எழுத்து தரத்தைக் குறிக்கிறது இல்ல, கியர் பாக்ஸைக் குறிக்கிறதுன்னும் ஒரு கட்சி இருக்கு. அப்படிப் பாத்தா ஒங்க வண்டி ஜி.டி. லிமிடெட்டா இருக்க வாய்ப்பு இருக்குல்ல?"

"ஏப்பா, வைப்பர் எங்க?" என்றார் பாய்.

"சிங்கப்பூர்ல மழை மேலேருந்துதான பெய்யும்?"

"கடிகாரம்?"

"டாக்டரு வாட்ச் கட்டிருந்தாருன்னு நீங்கதான் சொன்னீக!"

அதன் பிறகு பிட்டர் மேல் மாடல் கட்சி, பாய் அடி மாடல் கட்சி. சத்தம் மட்டும் அதே அளவு.

புதுப்பித்தல் நான் பயந்தபடி நிற்கவில்லை. கொஞ்சம் இழுத்தது, பிறகு அழைத்தார்கள். மூவரும் போனோம். இப்போது பதிவேடு கிடையாது, எல்லாம் கணினி. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையானவள்; நான் யார் என்று தெரிந்து நாற்காலி போட்டாள். புதிய அட்டையைக் கொடுத்தாள். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடல் என்ற இடத்தைத் தேடினார்.

மற்றவை என்றிருந்தது.

"ஏம்மா, இது என்னம்மா?"

"லிஸ்ட்ல அந்த மாடல் இல்லங்க ஐயா. பழசு, வெளிநாட்டு வண்டி. இல்லாததுக்கு எல்லாம் மற்றவைன்னுதான் வரும்."

பாய் அட்டையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். கட்டைவிரலால் தடவினார். வழவழப்பான பிளாஸ்டிக், எதுவும் புடைத்திருக்கவில்லை.

"மற்றவைன்னா, எந்த மற்றவைம்மா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிட்டர் சிரித்துச் சிரித்துக் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாயும் சிரித்தார். வெளியே வந்து காரில் ஏறியதும் சுவிட்சைத் தட்டினார். பட்டப்பகலில் வலது கண் விழித்தது. இடது கண் யோசித்துவிட்டு விழித்தது. "மற்றவை," என்றார் வண்டியிடம், "வீட்டுக்குப் போகலாமா?"

சாணார்பட்டி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. உறக்கத்திலேயே மவுத்தாகிவிட்டார். வீட்டார் துக்கத்தில் இருந்ததால், இறப்பைப் பதியும் தாள்களை நான் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான். முழுப் பெயரையும், அத்தா பெயரையும், அத்தாவின் அத்தா பெயரையும் எழுதினேன். தொழில் என்று ஒரு சிறிய கட்டம் வந்தது.

கவுண்டரில் இருந்த இளைஞர் எட்டிப் பார்த்து, "என்ன வேலை பார்த்தாருங்க?" என்றார்.

"தோல் தரம் பிரிக்கிறவர்."

"அது லிஸ்ட்ல இருக்காதுங்க. மற்றவைன்னு போட்டுருங்க."

நான் பேனாவை எடுத்தேன். தோல் தரம் பிரிப்பவர், முதல் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை என்று எழுதினேன். பாதியிலேயே கட்டம் முடிந்துவிட்டது. எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்தது.

"சார், சார், கட்டத்துக்குள்ள எழுதுங்க," என்றார் அந்த இளைஞர்.

முப்பத்து நான்கு வருடமாக ஊரில் உள்ள எல்லாரிடமும் நான் சொன்ன வாசகம் அது. அதில் ஒரு தவறும் இல்லை.

"கொள்ளலையே தம்பி," என்று சொல்லிவிட்டு மீதியை எழுதி முடித்தேன்.